இருபத்துநான்கு மூடிகள்

எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று ஒரு மனிதன் அறுபத்தெட்டு வயது வரை நம்பி நிம்மதியாக வாழ்ந்துவிட முடியும். நான் வாழ்ந்தேன். எட்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை, பகல் இரண்டேகால் மணிக்கு அந்த நம்பிக்கை என்னைக் கைவிட்டது. கைவிட்ட இடம் என் மாப்பிள்ளை வீட்டுப் பின்கட்டு அறை. சாட்சிகள் இருபத்துநான்கு எட்டுக்கால் பூச்சிகள்.

எண்ணுவது எனக்கு வியாதி என்பாள் என் மனைவி சரோஜா. வியாதியல்ல, தொழில் பழக்கம். நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பத்துநான்கு வருடம் நர்சரி பார்த்தவன் நான். நாற்று, பாத்தி, பாலிதீன் பை, வேலைக்கு வந்த ஆள், வராமலே வந்ததாகப் பேர் கொடுத்த ஆள் என்று எண்ணிப் பழகி, ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்த முடியவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டுதான் வருவேன். (ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது, தெரியும். அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டாமா?)

நர்சரியில் எண்ணுவதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. கலவன் எடுப்பது. ஒரு பாத்தியில் ஒரே ரகம்தான் இருக்க வேண்டும். எங்கிருந்தோ வந்த மகரந்தத்தால் கலப்பாகிப்போன நாற்று ஒன்று நடுவில் நின்றால் அதுதான் கலவன். இலை நுனியின் நிறம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நான் பாத்தி ஓரமாக நடந்துகொண்டே, குனியாமல், "மூணாவது வரிசை, ஏழாவது" என்பேன். பின்னால் வருகிறவர் பிடுங்குவார். ஆனால் இலை நுனி ஓரளவுக்குத்தான் பேசும். இது மற்றவை போல இல்லை என்று சொல்லும். இது இன்ன ரகம் என்று சொல்லாது. அதைச் சொல்வது பாத்தித் தலைமாட்டில் குத்தி வைத்திருக்கும் தகரப் பட்டைதான்.

ஒரு முறை மழையில் ஒரு பாத்தியின் பட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு நாற்றுகள். அத்தனையும் முழங்கால் உயரம், கொழுகொழுவென்று. பிடுங்கச் சொன்னேன். அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றி வந்த ராசம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, புள்ளையாட்டம் வளத்ததுங்க. நொம்ப நல்ல நாத்துங்க."

"நல்ல நாத்துதான் ராசம்மா. என்ன நாத்துன்னு சொல்லு பார்க்கலாம்?"

அவளால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியாது. அறுநூற்றுப் பன்னிரண்டும் குப்பைக் குழிக்குப் போயின. இந்தக் கதையை வீட்டில் பெருமையாக எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. சரோஜா எண்ணியிருக்கிறாள். (அப்போதைக்கு எண்பத்து மூன்று என்றாள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.)

இனி மாப்பிள்ளை. பெயர் செந்தில். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். எங்கள் மகள் கவிதாவுக்கு வரன் பார்த்தபோது நான் ஒன்பது பேரிடம் விசாரித்தேன். குடி இல்லை, சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. எட்டுக்கால் பூச்சி வளர்க்கிறாரா என்று கேட்க எந்தத் தகப்பனுக்குத் தோன்றும்? கல்யாணமாகி, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறி (வாசலுக்கு வாசல் முப்பத்தொரு அடி), சாமான் இறக்கும்போதுதான் பார்த்தேன். கண்ணாடித் தொட்டிக்குள், உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் ரோமமாக, கறுப்புக் கால்களில் முட்டிக்கு முட்டி செம்மண் பூசியது போல ஒன்று உட்கார்ந்திருந்தது.

"டரான்டுலாங்க மாமா. மெக்சிகோ ஊரு. சாதுவுங்க."

சாது என்று சொல்லப்பட்ட எதையும் நான் நம்புவதில்லை. நாலு வருடம் அந்தத் தொட்டி வைத்த பின்கட்டு அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து பேசிக்கொள்ள மழையும் பஸ்ஸும் மட்டுமே இருந்தன. ஒரு நாள் மழையும் இல்லை, பஸ்ஸும் நேரத்துக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பூச்சியைப் பற்றிக் கேட்டேன்.

"இதுல ரெண்டு ரகம் இருக்குதுங்க மாமா. ஒண்ணு அந்த நாட்டுக்கு மேற்குப் பக்கம், ஒண்ணு தெற்குப் பக்கம். ரெண்டுக்கும் முட்டி செவப்பு. பெருசானா முதுகு ஓட்டுல இருக்கற கறுப்பை வெச்சு ஓரளவுக்குச் சொல்லலாம். குஞ்சுல எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது. ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். பொறக்கறது பார்வைக்கு ரெண்டுல ஏதோ ஒண்ணு மாதிரியே இருக்கும். அதைச் சுத்த ரகம்னு நம்பி ஒருத்தரு வாங்குவாரு, அதுக்கு ஒரு ஜோடி சேப்பாரு, அதோட குஞ்சை இன்னொருத்தரு..."

"கலவன்!" என்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு மாப்பிள்ளை கிடைத்தார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அறுநூற்றுப் பன்னிரண்டு நாற்றுக் கதையைச் சொன்னேன். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது. "எங்க ஆளுகளும் இப்படித்தானுங்க மாமா. லேபிள் இல்லாத குஞ்சை யாரும் தொட மாட்டாங்க" என்றார்.

செந்திலிடம் இருந்தது மேற்கு ரகத்துப் பெண். கோயமுத்தூரில் ஒரு பல் டாக்டரம்மா, அதே ரகத்தில், பாட்டன் பூட்டன் வரைக்கும் விவரம் தெரிந்த ஒரு ஆண் வைத்திருந்தார். இந்தப் பூச்சிகளில் பெண் இருபது இருபத்தைந்து வருடம் இருக்கும். ஆண் பருவத்துக்கு வந்தால் ஒன்றரை வருடம் தாண்டுவதே அபூர்வம். அதனால் இவர்களுக்குள் ஒரு வழக்கம்: ஆண் வைத்திருப்பவர் பெண் வைத்திருப்பவருக்கு இரவல் கொடுப்பார், குஞ்சில் பாதி அவருக்கு. டாக்டரம்மாவின் ஆண் கடைசிக் காலத்தில் ஏற்காட்டுக்கு வந்தது, கடமையை முடித்தது, காலமாகிவிட்டது. முட்டைப் பையில் பெரும்பங்கு எங்கள் ஊர்க் குளிரில் வீணாகி, மிஞ்சியது பதினான்கு குஞ்சு. ஏழு டாக்டரம்மாவுக்கு, ஏழு செந்திலுக்கு. அந்த வம்சத்தில் உலகத்தில் இருந்தது அவ்வளவுதான்.

இதுபோக, வேறொருவரிடமிருந்து வந்த தெற்கு ரகக் குஞ்சு பத்து. ஏறக்குறைய ஒரே வயது. ஆகப் பதினான்கும் பத்தும் இருபத்துநான்கு. ஒவ்வொன்றுக்கும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில் தேங்காய் நார்த்தூள், மேலே காற்றுத் துளை போட்ட மூடி. மேற்கு ரகம் மே-1 முதல் மே-14. தெற்கு ரகம் தெ-1 முதல் தெ-10. டப்பா சின்னது, பக்கவாட்டில் எழுத இடமில்லை. அதனால் லேபிளை மூடியில் ஒட்டியிருந்தார்.

மூடியில். இதை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை தன் ஏழு குஞ்சுகளை எடுத்துப்போக வருவதாக இருந்தார். அந்த வாரம் புதன்கிழமை செந்திலும் கவிதாவும் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சேலம் புறப்பட்டார்கள். அறைச் சாவியை என் கையில் கொடுத்தார் மாப்பிள்ளை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. ஒண்ணுமே செய்யாதீங்க."

"அப்புறம் நான் எதுக்கு?"

"பார்த்துக்கிட்டா போதுங்க."

"எத்தனை தரம்?"

"காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா."

முதல் நாளே பதினொரு தரம் பார்த்தேன். வியாழக்கிழமை காலை, பன்னிரண்டாம் தரம் பார்க்கும்போது, ஒரு மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூசணம். நாற்றங்காலில் பூசணம் என்றால் என்னவென்று தெரிந்தவன் நான். திங்கட்கிழமை ஓரத்தில் தொடங்கினால் வெள்ளிக்கிழமை பாத்தி காலி. எல்லா மூடியையும் திருப்பிப் பார்த்தேன். ஐந்தில் இருந்தது. ஐந்து நாளாக விடாத பனிமூட்டம், வராமல் என்ன செய்யும்? செந்திலுக்கு மூன்று தரம் போன் அடித்தேன். கல்யாண மண்டபத்து மேளத்தில் அவருக்குக் காது கேட்டிருக்காது. அந்த நேரம் பார்த்து, ஐந்து நாளில் முதல் முறையாக, வெயில் வந்தது. இது எனக்காகவே வந்த வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

இருபத்துநான்கு மூடியையும் கழற்றினேன். குஞ்சுகள் வெளியே வந்துவிடக் கூடாதே! எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போய் ஒன்பது எவர்சில்வர் தட்டு, எட்டு டபரா, ஏழு டம்ளர் மூடி கொண்டுவந்து ஒவ்வொரு டப்பாவையும் மூடினேன். மூடிகளை ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, மதில்மேல் வரிசையாகக் காயவைத்தேன். எழுத்து அழிகிறதா என்று கவனமாகப் பார்த்தேன். அழியவில்லை. பத்திரம்.

சரோஜா வந்து வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, காபி ஆத்த டபராவைக் காணோம்னு ஊடெல்லாம் தேடறேன். அந்தச் சனியனுக்கு மூடி வெச்சிருக்கறீங்களா?"

"அரை மணி நேரத்துல கொடுத்துடறேன். எட்டு இருக்குது, எண்ணிக்கோ."

"எண்ணி என்ன பண்ண? இனி அதுல யாரு காபி குடிக்கறது? நீங்க குடிங்க."

மூடி காயும்வரை சும்மா இருப்பானேன்? அலமாரியைப் பார்த்தேன். பெரிய குஞ்சும் சின்னக் குஞ்சும் ஒரு ஒழுங்கில்லாமல் கலந்து நின்றன. கொண்டைக்கடலை அளவு ஒன்று, பக்கத்தில் துவரம்பருப்பு அளவு ஒன்று. எந்த நர்சரியிலும் இப்படி வைக்க மாட்டார்கள். பெரியதைப் பின்னால், சிறியதை முன்னால் என்று அளவுவாரியாக அடுக்கினேன். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மதிலுக்குப் போய் மூடிகளை எடுத்துவந்தேன். எண்ணினேன். இருபத்துநான்கு. டப்பாவை எண்ணினேன். இருபத்துநான்கு. மூடி சுத்தம், டப்பா ஒழுங்கு, கணக்கு சரி. முதல் மூடியைக் கையில் எடுத்தேன். தெ-6 என்று போட்டிருந்தது.

தெ-6 எந்த டப்பா?

இரண்டேகால் மணி என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நிமிடத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். (ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு இன்னொன்று.) பிறகு தைரியம் வந்தது. அந்தத் தைரியம் வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி இருந்திருக்காது. முப்பத்துநான்கு வருடம் கலவன் பிரித்தவன் கேவலம் இருபத்துநான்கு பூச்சியைப் பிரிக்க மாட்டேனா என்று தோன்றியது. காபிப் பழத்தில் துளைப்பான் வண்டு பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். முதலில் கால்களை எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வர வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது. மறுபடி எண்ணினேன். ஒரு குஞ்சுக்கு ஏழே கால்! மூடிகளைப் புரட்டினேன். மே-9 மூடியில் செந்தில் கையெழுத்தில் 'கால் 7' என்று இருந்தது. மற்ற எந்த மூடியிலும் அப்படி இல்லை. ஒன்று கிடைத்துவிட்டது.

இங்கேதான் என் படிப்பு என்னைக் கெடுத்தது. மே-9 நிச்சயமாக மேற்கு ரகம். அப்படியானால் அதை மாதிரியாக வைத்து, அதைப் போல இருக்கும் பதின்மூன்றைப் பொறுக்கினால் மேற்கு முடிந்தது. மீதிப் பத்து தெற்கு. ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். முதுகின் நிறம், வயிற்றுக் கரும்புள்ளி, பாத நுனி, ரோம நீளம், உட்காரும் விதம், தொட்டால் ஓடுகிறதா, ஓடினால் எத்தனை அடி. மொத்தம் ஏழு அடையாளம். மாலை ஐந்து மணிக்கு முடிவைக் கூட்டிப் பார்த்தால் இருபத்துநான்கும் மே-9 போலவே இருந்தன. எனவே அடையாளங்களைக் கொஞ்சம் கடுமையாக்கினேன். இப்போது மேற்கு மூன்று, தெற்கு இருபத்தொன்று. கொஞ்சம் தளர்த்தினேன். பத்தொன்பது, ஐந்து. இப்படி இறுக்கியும் தளர்த்தியும் வெள்ளிக்கிழமை மத்தியானம் சரியாகப் பதினான்கும் பத்தும் வந்தது. உடனே மூடிகளை மாட்டிவிட்டேன். கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டால் அதற்கு மேல் சந்தேகப்படும் பழக்கம் எனக்கு இல்லை.

ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் இருந்தது. மூக்கு அரித்தது. இந்தப் பூச்சிகளின் வயிற்று ரோமம் காற்றில் பறந்து தோலில் பட்டால் அரிக்கும் என்று மாப்பிள்ளை எப்போதோ சொன்னது, மூக்கை டப்பாவுக்குள் விட்டு ஒன்றரை நாள் பார்த்த பிறகு நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை சாயந்தரம் அவர்கள் வந்துவிட்டார்கள். செந்தில் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, மூடியெல்லாம் பளபளங்குதே மாமா!"

"பூசணம் பிடிச்சிருந்தது. கழுவினேன்."

"நொம்ப நல்லதுங்க. ஒண்ணொண்ணாத்தானே கழட்டினீங்க?"

"எல்லாம் எண்ணித்தான் வெச்சேன், மாப்பிள்ளை."

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று ராத்திரி முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. ஆனால் தூக்கமும் வரவில்லை. கவிதா மட்டும் என்னை உற்றுப் பார்த்து, "ஏனுங்கப்பா, மூக்கு ஏன் தக்காளியாட்டம் இருக்குது?" என்றாள். பனி என்றேன். அதுதான் பொய்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். அறுபதை நெருங்கும் வயது, கறாரான முகம். பேசினால் பல்லைப் பார்த்துவிடுவாரோ என்று நான் வாயை மூடிக்கொண்டே வணக்கம் சொன்னேன். பஞ்சு வைத்த ஏழு சின்னப் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். செந்தில் புதுச் சட்டை போட்டிருந்தார். இவர்கள் கூட்டத்தில் பூச்சியைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது. கொடுக்கிறவர் சொல்கிற சொல்தான் எல்லாம். அந்தச் சொல்லைச் செந்தில் எட்டு வருடமாகக் கெடாமல் வைத்திருந்தார். டாக்டரம்மா அந்த ஆணை இவரை நம்பி அனுப்பியதற்கு அதுதான் காரணம்.

அலமாரி முன் நின்ற டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"செந்தில், அடுக்கினது நொம்ப அழகா இருக்குதே! பெருசு பின்னால, சிறுசு முன்னால. யாரு வேலை?"

"எங்க மாமாவுங்க."

நான் அப்போது சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முப்பத்துநான்கு வருடத்தில் என் அடுக்கை ஒருவரும் இப்படிப் பாராட்டியதில்லை.

"அடுக்கினது மட்டுமில்லைங்க டாக்டரம்மா. பிரிச்சதும் நான்தான்."

டாக்டரம்மா கையில் எடுத்த பெட்டியைத் திரும்ப வைத்தார்.

"எதைங்க மாமா பிரிச்சீங்க?" என்றார் செந்தில், மெதுவாக.

சொன்னேன். வாளி, மதில், டபரா, அளவுவாரி அடுக்கு, நோட்டு, ஏழு அடையாளம், எல்லாவற்றையும். தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன் என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பது போல டாக்டரம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "அய்யா, ஒரு சின்னப் பரீட்சை வெக்கலாமுங்களா?" என்றார்.

ஆறு டப்பாக்களை எடுத்து, மூடிகளுக்குப் பதிலாக ஒரே மாதிரிக் கண்ணாடித் துண்டுகளை வைத்து, அடியில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டு என் முன் வைத்தார். நான் பூதக்கண்ணாடியுடன் குனிந்து, மேற்கு, மேற்கு, தெற்கு, மேற்கு, தெற்கு, தெற்கு என்று சொன்னேன். சீட்டில் எழுதிக்கொண்டார். "இப்ப அந்தச் சுவரைப் பாருங்க" என்றார். திரும்பும்போது டப்பாக்கள் இடம் மாறியிருந்தன. மறுபடி சொன்னேன். டப்பாக்களைக் கவிழ்க்காமல் தூக்கி அடிக்குறியைப் பார்த்துச் சீட்டோடு ஒப்பிட்டார்.

"ஆறுல நாலு ரகம் மாறிப்போச்சுங்கய்யா. அஞ்சு நிமிசத்துல."

இன்னொரு தரம் வைக்கச் சொன்னேன். அதில் மூன்று மாறின. முன்னேற்றம்தான். ஆனால் அதைச் சொல்ல அது சமயமில்லை.

வாசலில் நின்றிருந்த சரோஜா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, அந்த அறுநூத்துப் பன்னெண்டு நாத்துக் கதை டாக்டரம்மாவுக்குச் சொன்னீங்களா?"

"என்ன கதைங்க?" என்றார் டாக்டரம்மா.

எண்பத்து நான்காம் முறையாகச் சொன்னேன். மழை, தகரப் பட்டை, ராசம்மா. 'என்ன நாத்துன்னு சொல்லு பார்க்கலாம்' என்ற இடத்தில் எப்போதும் குரலை உயர்த்துவேன். அன்று உயரவில்லை. சொல்லி முடித்தபோது, அதற்கு மேல் யாரும் எனக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தப்பு என் பேர்லதானுங்க டாக்டரம்மா. லேபிளை மூடியில ஒட்டினது நான்" என்றார் செந்தில். "நீங்க எதையும் எடுத்துட்டுப் போக வேண்டாங்க."

"எடுக்கறதா இல்லை." டாக்டரம்மா ஏழு பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "அந்த ஆண் போயிருச்சு செந்தில். இனி நான் எங்க போவேன்?"

அந்தக் கறாரான அம்மாள் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"ஒண்ணு இருக்குதுங்க. ஏழு கால்."

மே-9 டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் எண்ணினார். செந்தில் எண்ணினார். கவிதா எண்ணினாள். மூடியை வாசித்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக என்னைச் சுற்றி எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஏழுதான்.

"இது அதேதான்" என்று டாக்டரம்மா அந்த ஒன்றை மட்டும் பஞ்சுப் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஆறு பெட்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. காரில் ஏறும்போது செந்திலிடம் சொன்னார்: "கலந்துபோச்சுன்னு தெரிஞ்சாலும் பல பேரு வாயைத் திறக்கறதில்லை. உங்க ஊட்டுல திறந்துட்டீங்க. அது போதும்."

"நான் திறக்கலைங்க. மாமாதானுங்க."

"அவரு பெருமைக்குத் திறந்தாரு. எப்படியோ திறந்தாரே."

நாற்று என்றால் பிடுங்கி எறிந்துவிடலாம். உயிருள்ள இருபத்துமூன்றை என்ன செய்வது? ரகம் தெரியாததை விற்கக் கூடாது, இனாமாகக் கொடுக்கக் கூடாது, ஜோடி சேர்க்கக் கூடாது. வைத்துச் சோறு போட வேண்டியதுதான். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "பொண்ணா இருந்தா இருபத்தஞ்சு வருசங்கூட இருக்குமுங்க மாமா" என்றார். அறுபத்தெட்டும் இருபத்தைந்தும் தொண்ணூற்றுமூன்று. அத்தனை காலம் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே கணக்குபூர்வமான காரணம் அதுதான்.

அந்த வாரமே இருபத்துமூன்றும் என் வீட்டு அறைக்கு மாறின. லேபிளை நானே எழுதினேன், டப்பாவின் உடம்பில். தெரியாது-1 முதல் தெரியாது-23 வரை. எட்டு வருடத்தில் ஆண்கள் ஒன்பதும் போய்ச் சேர்ந்துவிட்டன. பதினான்கு இருக்கின்றன. வெளிநாட்டுப் பிராணிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்தபோது, இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று செந்தில் இரண்டு நாள் யோசித்தார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. மே-9 பெண்ணாகப் பிறந்திருந்தது. சட்டை உரிக்க உரிக்க எட்டாவது காலும் முளைத்துவிட்டது. போன வருடம் அதற்கு நல்ல இடத்தில் ஜோடி கிடைத்து, டாக்டரம்மா ஏழு குஞ்சு செந்திலுக்கு அனுப்பினார். ஒவ்வொரு டப்பாவின் உடம்பிலும் லேபிள். பெரிய பெட்டியின் மேல் தனியாக ஒரு சீட்டு: 'மாமாவுக்குக் காட்டலாம். கையில் கொடுக்க வேண்டாம்.'

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்தச் சம்பவத்துக்கு இரண்டு வருடம் கழித்துக் கவிதாவுக்குக் குழந்தை பிறந்தது. இரட்டை. இரண்டும் பெண். ஒரே அச்சு. சேலத்து ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். ஒன்றுக்கு மஞ்சள் குல்லா, ஒன்றுக்குப் பச்சைக் குல்லா. சித்திரை மாதத்துச் சேலம். குழந்தைகளுக்கு நெற்றி வேர்த்திருந்தது. குல்லாவைக் கழற்றலாம் என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

"அப்பா!" என்றாள் கவிதா. "ஏனுங்க!" என்றாள் சரோஜா. ஒன்றும் தெரியாத நர்ஸ்கூட என்ன காரணத்தாலோ கையைத் தட்டிவிட்டார்.

செந்தில் மட்டும் சிரித்துக்கொண்டே ஒரு குழந்தையின் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். நீல மையில் '1' என்று எழுதியிருந்தது. மற்றதில் '2'.

"பயப்படாதீங்க மாமா. இந்தத் தடவை மூடியை நம்பலைங்க. டப்பா மேலயே எழுதிட்டேன்."

இப்போது பேத்திகளுக்கு ஆறு வயது. பனிக்காலத்தில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது முப்பத்தொரு அடி ஓடிவந்து, குல்லாவை மாற்றிப் போட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கிறார்கள்.

"தாத்தா, நான் யாரு சொல்லுங்க?"

நான் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து, குனிந்து, முதலில் கால்களை எண்ணுகிறேன். நான்கு. பிறகு ஒவ்வொருவராகப் பார்த்து, "தெரியாது-1, தெரியாது-2" என்கிறேன். அவர்கள் சிரித்து முடிக்கப் பன்னிரண்டு விநாடி ஆகிறது. இரண்டு குல்லா, இரண்டு பேத்தி. கணக்கு சரி. அதற்கு மேல் நான் எதற்கும் பொறுப்பில்லை.